பசறைக் கோழிக்கடையும் லெச்சுமியின் இடுப்பெலும்பும்

கோழிக்கடையில கறிக்காக ஒருத்தரும் சண்டைக்கு வர்றதில்ல, எல்லா வம்பும் எலும்பாலதான். கத்தி பிடிச்சுப் பொழைக்கிறவங்களே, உங்களுக்குத் தெரியாததா? பசறையில நான் கடை வச்சுப் பதினெட்டு வருஷம். இங்க சொல்றதெல்லாம் என் சம்சாரம் லெச்சுமி தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிஞ்சு, பதுளை ஆஸ்பத்திரியில கெடந்த மாசம் நடந்தது. அவ திரும்ப மலை ஏறுவாளாங்கிற ஒரே நெனப்போடதான் கடையில நின்னேன்.

உறிஞ்ச ஒண்ணுமில்ல

தோட்டத்துல ஆள் மேய்ச்சு, வேலைய விட்டு நின்ன கங்காணி ஒருத்தர் எலும்பைக் கடிச்சு உறிஞ்சாம விடமாட்டார். சிறகோட மேலெலும்பு உள்ள வெறுமையா இருக்கு, பழைய கோழியக் குடுத்துட்டேன்னு வந்து நின்னார். காலையில அறுத்ததுதான், எந்தக் கோழிக்கும் அந்த எலும்பு அப்படித்தான்னு சத்தியம் பண்ணினேன். ஏன் அப்படின்னு எனக்கே தெரியாது. அவர் நம்பல.

"காலெலும்புல சாறு இருக்கு, சிறகெலும்புல இல்ல. அத நீ வீட்டுக்குக் கொண்டு போயிட்டியா?"

கை செஞ்ச தப்பு

பள்ளிக்கூடத்து விஞ்ஞான டீச்சர், அவிச்சு எலும்பெடுத்துப் பலகையில ஒட்டணும், ஒரு கோழிய வெட்டாம முழுசாத் தாங்கன்னு சொல்லிட்டு வெளிய நின்னாங்க. சரின்னேன். லெச்சுமி நெனப்புல இருந்தேன், பாழாப்போன கை பழக்கத்துல நெஞ்ச ரெண்டாப் பொளந்துடுச்சு.

டீச்சர் கோவிக்கல. நெஞ்செலும்பு நடுவுல தகடு மாதிரி நிமிந்து நிக்குதே, சிறகடிக்கிற சதையெல்லாம் அதுலதான் ஒட்டியிருக்குமாம். சிறகெலும்புக்குள்ள காத்துதானாம், கனம் குறையத்தான் அப்படியாம். ஒடியாம இருக்க உள்ளுக்குள்ள குறுக்கால சின்னச் சின்னக் கம்பி மாதிரி எலும்பு தாங்குதாம். கங்காணிக்கு அன்னைக்கே இதச் சொல்லியிருக்கலாம்.

"அண்ணே, பறக்கிறதுக்கு வேண்டிய எலும்பையே பாத்து வெட்டிட்டீங்களே."

வார்டுல

யாழ்ப்பாணத்து டொக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, எலும்பெல்லாம் உள்ளுக்குள்ள அரிச்சுப் போச்சு, கம்பு பிடிச்சு நடப்பா, இனி மலைக்கு விடாதேங்கோன்னார். பதினாறு வயசுல பெரட்டுல, காலையில ஆள் கணக்கெடுக்கிற எடத்துல, பேர் குடுத்தவ அவ. முப்பது வருஷமா கொழுந்துக் கூடை அவ முதுகுல இருந்துச்சு.

கட்டில்கிட்ட உக்காந்து, இனி மலை இல்லங்கிறத மறைச்சு மத்தத மட்டும் சொன்னேன். எலும்பு வெறுமையா இருக்கிறது ஒண்ணும் கேவலமில்ல புள்ள, பறவைக்கெல்லாம் அப்படித்தானாம், டீச்சரே சொன்னாங்கன்னு தேத்தப் பாத்தேன். அவ கூரையப் பாத்துக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தா. நான் மறைச்சதும் அவளுக்குப் புரிஞ்சிடுச்சு.

"பறவைக்குப் பறக்கிறதுக்காக எலும்பு காலியாச்சு, சரிங்க. எனக்கு எதுக்குங்க காலியாச்சு?"

அன்னையிலேருந்து, எலும்பில்லாத கறியாப் பாத்துக் குடுங்கன்னு கேட்டு வர்றவங்கமேல எனக்கு முன்ன மாதிரி கோவம் வர்றதில்ல, எலும்பே வேணாம்னு சொல்லிட்டுப் போக முடியுதேன்னு பொறாமைதான் வருது.