கோட்டையில் நான் ஏற்றிய கற்பூரம்

இதை எழுத ஏழு வருடம் தயங்கினேன்.

திருநின்றவூரிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் பழவேற்காட்டில் இடிந்து கிடக்கும் டச்சுக் கோட்டையைப் பார்க்கப் போனோம். காய்ந்த முட்புதருக்குள் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. மனம் பதறியது. சாய்ந்து நின்ற ஒரு கல்லை அம்மனாக நினைத்துக் கற்பூரம் ஏற்றிவிட்டு, அது அணையுமுன் நகர்ந்தேன். திரும்பினால் புதர் எரிகிறது, சுவரைப் பார்க்க உள்ளே போயிருந்த வீட்டுக்காரர் அதற்குள்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் பாய்ந்து, தன் கை வேக, அவரை இழுத்து வந்தார்.

ஓடிவந்த ஊர்க்காரர்கள் ஆட்டுக்காரரையே பிடித்தார்கள். "இன்னா பெர்சு, பீடி புடிச்சிட்டு இங்கியே போட்டியா?"

"நான் பீடியே தொடமாட்டேன் நைனா" என்றவர் என்னைப் பார்த்தார்.

நான் வாய் திறக்கவில்லை. அவரை இழுத்துப் போனார்கள்.

தினமும் அம்மனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்க வேண்டியது அந்த ஆட்டுக்காரரிடம். அங்கே போக இன்னும் கால் வரவில்லை.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள் என்னை நல்லவளாக்காமல், நடந்தபடியே சொல்லுங்கள்.