முப்பத்தேழு கொல்லைகள்

'அம்மா விடியற்காலையில் தோட்டம்க்குப் போனாள்' என்று தாளில் இருந்தது. அடுத்த பத்தியில் 'தோட்டம்யில்'. பிறகு 'தோட்டம்யை'. ஒரே சிறுகதையில் முப்பத்தேழு இடம். எண்ணி முடித்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றினேன்.

சிதம்பரத்தில் உள்ள ஒரு சிறு பதிப்பகத்துக்குக் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து புரூஃப் பார்க்கிறேன். கவிதை, சிறுகதை, உள்ளூர் வரலாறு, பெரும்பாலும் புதியவர்கள் எழுதுவது. அந்த வாரம் அச்சுக்குப் போக இருந்தது செல்வராணியின் முதல் தொகுப்பு. பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கிராமத்தில் பிறந்தவர், கடலூரில் நர்ஸ்.

"என்னங்க இது?" என்று பதிப்பாளர் கணேசனிடம் கேட்டேன்.

"கொல்லைன்னு இருந்துச்சி சார். கம்ப்யூட்டர்ல ரீப்ளேஸ் ஆல் குடுத்து மொத்தமா தோட்டம்னு மாத்திட்டேன். வேற்றுமையெல்லாம் நீங்க சரி பண்ணிடுங்க."

"எதுக்கு மாத்துனீங்க?"

"பின்ன? பக்கத்துக்குப் பக்கம் அந்தம்மா கொல்லைக்குப் போறாங்க. வயித்துல ஏதோ கோளாறுன்னு நெனைக்க மாட்டாங்களா?"

கணேசன் காட்டுமன்னார்கோயில் பக்கத்து நெல் வயல்காரர். அங்கே கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். கொல்லைக்குப் போவது என்றால் காலைக்கடன். பண்ருட்டிப் பக்கம் கொல்லை என்பது மழையை நம்பிய மேட்டு நிலம். இரண்டு பக்கத்து ஆட்களோடும் பஸ்ஸில் போய் வருகிற எனக்கு இரண்டும் தெரியும் என்பதால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் டூட்டி முடித்து நேரே வந்தார் செல்வராணி. தாளைப் பார்த்தார்.

"தோட்டம்னா கெணறு இருக்கணும், மோட்டார் இருக்கணும் சார். எங்க ஊர்ல ரெண்டு வீட்டுக்குத்தான் அது இருக்கு. எங்கம்மா அவுங்க தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவங்க. கொல்லதான் எங்களுது. நீங்க மாத்துனா கதை பூரா கூலி வேலைக்கே போறாங்க."

"அடிக்குறிப்பு போட்டுடலாம்மா" என்றார் கணேசன்.

"எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது சார். வெளியீட்டுல யாராச்சும் படிக்கக் கேக்கணும்னு வராங்க. தோட்டம்னு படிச்சா, இது யாரு கதைன்னு கேப்பாங்க. அப்படித்தான்னா எனக்குப் புத்தகமே வேணாம்."

கணேசனின் பயமும் பொய்யில்லை. முதல் வரியிலேயே வாசகர் சிரித்துவிட்டால் அந்தக் கதை எழுந்திருக்காது. அடிக்குறிப்பு உதவாது, சிரித்த பிறகுதான் கண் கீழே இறங்கும்.

"முதல் இடத்துல மட்டும் முந்திரின்னு ஒரு வார்த்தை சேர்க்கலாமா? முந்திரிக் கொல்லை" என்றேன்.

செல்வராணி வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "நாங்க சொல்றதுதான் சார் அது."

"அப்ப திருப்பி ரீப்ளேஸ் ஆல் குடுத்துடவா?" என்று கணேசன் மவுஸைப் பிடித்தார். தடுத்தேன். கதையில் பண்ணையாரின் நிஜத் தோட்டம் இரண்டு இடத்தில் வருகிறது, அதுவும் கொல்லையாகிவிடும். ஒவ்வொன்றாகக் கையால் மாற்றினோம். மூன்று முறை எண்ணினேன்.

கடலூரில் வெளியீடு. கணேசனே முதல் பத்தியைப் படித்தார். முந்திரிக் கொல்லை என்றதும் முன்வரிசையிலிருந்து செல்வராணியின் அம்மா சத்தமாகக் கேட்டார்:

"எந்தக் கொல்லடி? மேலக்கொல்லயா, கீழக்கொல்லயா?"

அரங்கமே சிரித்தது. கணேசன் பயந்த சிரிப்பு இல்லை அது.

"மேலக்கொல்லதாம்மா" என்றார் மேடையிலிருந்த மகள். "கீழக்கொல்லயத்தான் என்னப் படிக்க வைக்க வித்துட்டியே."

சிரிப்பு நின்றது. கணேசன் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே படித்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு சொல் ஒருமுறை தப்பாகத் தெரிந்தால் திருத்துங்கள். முப்பத்தேழு முறை தெரிந்தால் பேனாவை வைத்துவிட்டு எழுதியவரைக் கூப்பிடுங்கள்.

ஒரு குறை இன்னும் உறுத்துகிறது. அந்த அம்மாள் கேட்டது புரூஃப் பார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்வி. என் பிரதியில் முந்திரிக்கு முன்னால் 'மேல' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாம் பதிப்பு வர வேண்டும்.