ஜெயந்தி நிறுத்திய மின்விசிறி

வெங்காய விதை மாதிரி ஒன்றைப் பலகையில் பரப்பிக்கொண்டிருந்தபோது எங்கள் ஆய்வகத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஜெயந்தி இறந்துவிட்டாள். மூச்சுத் திணறல், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். அவற்றுக்கும் கீழே மேலாளரின் இன்னொரு செய்தி: அவள் மேசையில் மிச்சமிருக்கும் மாதிரிகளை யார் முடிப்பது?

இதைப் படிக்கும் பலருக்கு அவளைத் தெரியும். புனேயின் சாங்வியில் வளர்ந்தவள். நம் தமிழ்ச் சங்கப் பொங்கல் பந்தியில் எல்லோரையும் அதட்டிக்கொண்டே பரிமாறியவள். தமிழ் படிக்க வராது. ஆகவே இது அவளுக்கே புரியாத எழுத்து. "நீ எழுதுறத வாய்ஸ்ல அனுப்பு, நான் பஸ்ல கேட்டுக்கறேன்" என்பாள்.

அவள் என்ன வேலை பார்த்தாள் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. நிக்டியைத் தாண்டி ஒரு தனியார் விதைப் பரிசோதனைக் கூடம். விவசாயிக்குப் போகும் விதையில் களை விதை கலந்திருக்கிறதா என்று பார்ப்போம். முக்கியமாகப் பார்த்தீனியம். இங்கே அதைக் 'காஜர் கவத்' என்பார்கள். கேரட் இலையும் வெள்ளைப் பூவுமாக ஊரின் எல்லாக் காலி மனைகளிலும் நிற்கிறதே, அந்தச் செடிதான். அதன் விதை கறுப்பு, வெங்காய விதையும் கறுப்பு. ஆனால் பார்த்தீனிய விதை சிறியது, தட்டையானது, ஓரத்தில் வெளிறிய கோடு உள்ளது. இரண்டு பக்கமும் காய்ந்த பூவின் மிச்சம் இறக்கைபோல ஒட்டியிருக்கும்.

நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தது ஒரு ஏப்ரலில். முதல் நாள் உட்கார்ந்ததும் மின்விசிறியைப் போட்டேன். அறையின் மறுமுனையிலிருந்து ஜெயந்தியின் குரல் வந்தது.

"யாருடா பங்கா போட்டது? பந்த் பண்ணு."

"வேர்க்குதுங்க."

"வேர்வை பறக்காது. இது பறக்கும்" என்று என் பலகையைக் காட்டினாள்.

அப்போதுதான் புரிந்தது. காற்று பட்டால் கனமான வெங்காய விதை இருந்த இடத்திலேயே கிடக்கும். இறக்கையுள்ள களை விதை நகர்ந்து பலகையை விட்டுப் போய்விடும். யாரும் பொய் சொல்லத் தேவையில்லை. விசிறியே மாதிரியைச் சுத்தமாக்கிவிடும். விதை விற்கும் நிறுவனத்துக்குத் திருப்தி. பிறகு அந்த வயலில் பார்த்தீனியத்தைப் பிடுங்கிக் கை புண்ணாகப் போவது ஏதோ ஒரு கூலிப் பெண்ணுக்கு. அன்றிலிருந்து ஜெயந்தி சுவிட்சுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

ஒருமுறை ஒரு பெரிய வாடிக்கையாளரின் மாதிரியில் அவள் களை விதை எடுத்துக் காட்டினாள். மேலாளர் சிரித்தபடி, "வெயிலா இருக்கு மேடம், ஃபேன் போட்டுக்கிட்டு நிதானமா இன்னொரு தடவை பாருங்க" என்றார்.

"பாக்கறேன் சார். அப்ப ரிப்போர்ட்ல பங்காவோட கையெழுத்தையும் வாங்கிடுங்க. வேலை பாத்தது அதுதான?"

அறையே சிரித்தது. அந்த வருடம் நிரந்தரமாக்கப்பட்டவர்களில் அவள் பெயர் இல்லை.

விசிறி நின்றால் விதையிலிருந்து கிளம்பும் தூசி எங்கும் போகாது. லென்ஸோடு குனிந்திருக்கும் முகத்தின் முன்னாலேயே நிற்கும். அவளுக்கு இருமல் வந்தது, பிறகு இழுப்பு. விதையைக் கலைக்காமல் தூசியை மட்டும் மெல்ல உறிஞ்சும் மூடிய மேசை ஒன்று கேட்டாள். பலமுறை கேட்டாள். துணி முகக்கவசம் கொடுத்தார்கள். அதைப் போட்டால் மூச்சு பட்டு லென்ஸ் மங்கியது. "பூனாவுலயே காஷ்மீர் காட்டுறாங்க பாரு" என்றாள்.

"பேசாம ஃபேன் போட்டுட்டுச் செய் ஜெயந்தி" என்று நான் சொன்னேன்.

"நீ போட்டுக்கோ. மாதிரியும் சுத்தமாகும், உன் சம்பளமும் ஏறும். சேட் ஆயிடுவ."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என் டப்பாவைத் திறந்து அவளே அவல் போஹா எடுத்துச் சாப்பிட்டாள்.

சுடுகாட்டில் மேலாளர் என் தோளில் கை வைத்து, "ஊர் முழுக்க இந்தச் செடிதான். எங்கே ஒவ்வாமை பிடித்ததோ, பாவம்" என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. சாங்வியில் அவள் வீட்டுச் சுவரோரமும் அது பூத்திருந்தது. பிறகு அவளுடைய அம்மா என்னிடம் கேட்டார்: "அங்க இருந்த தூசிதானாப்பா?"

எனக்குத் தெரியவில்லை. ஒரு கறுப்பு விதை எந்தச் செடியினுடையது என்று சொல்ல எங்களால் முடியும். அவள் நெஞ்சில் தங்கியது எந்தத் தூசி என்று சொல்ல முடியவில்லை. மேலாளருக்கும் அது தெரியும், அதனால்தான் அவ்வளவு நிம்மதியாகப் பேசினார். ஆனால் ஒன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவள் மேசை கேட்டாள், அவர்கள் கொடுக்கவில்லை.

மறுநாள் போனபோது விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் பாதியில் விட்ட மாதிரியை என் இடத்தில் வைத்திருந்தார்கள். எழுந்து விசிறியை நிறுத்தினேன்.

"அரே பாய், கர்மி ஹை" என்று வெக்கையைச் சொல்லி முனகினார் பக்கத்து மேசைக்காரர்.

"இருக்கட்டும். மூடிய மேசை வரட்டும். அதுவரை ஃபேனும் ஓடாது, நான் குனியவும் மாட்டேன்."

மேலாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நாளை என்ன சொல்வாரோ தெரியாது. என்னை அனுப்பிவிட்டு இன்னொருவனை எடுப்பது அவருக்கு எளிது. பக்கத்து மேசைக்காரர் கொஞ்ச நேரம் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் இடுக்கியைக் கீழே வைத்தார்.

ஜெயந்தியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்திலுள்ள நாற்காலியை. இதை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வேர்க்கிறது. அவளுடைய மாதிரி எதிரே பலகையில் பரப்பியபடியே இருக்கிறது. அதிலிருந்து ஒரு விதையும் பறக்கவில்லை.