முழங்காலில் போட்ட ஊசி

அகதிகளாகப் போன பெற்றோருடன் இங்கிலாந்தின் வடக்கில் வளர்ந்தவன் நான். அங்கே ஒரு சிறிய கழகத்தில் ஆறு வருடம் சம்பளத்துக்கு ரக்பி லீக் ஆடினேன். அணிக்குப் பதின்மூன்று பேர். கவசம் கிடையாது. பந்தோடு ஓடிவருபவனை உடம்பால் மோதி விழுத்த வேண்டும். வலது முழங்கால் போனதும் கழகம் என்னை அனுப்பிவிட்டது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோடு கலியாணம் கட்டி மொன்ட்ரியாலுக்கு வந்து, சென்ட் லோரன்டில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினேன்.

நாலாவது பனிக்காலத்தில் படி இறங்கக் கால் மடங்கவில்லை. மனைவி வைத்தியரிடம் கூட்டிப்போனாள். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு அவர் பிரெஞ்சில் கேட்டதை அவளே தமிழில் சொன்னாள்.

"இந்தக் காலுக்கு ஊசி எத்தினை தரம் போட்டவையாம்? எலும்போடை எலும்பு உரசுதாம்."

"ஞாபகமில்லை."

"பொய் சொல்லாதையுங்கோ. ஆர் போட்டது?"

கழகத்து வைத்தியர். கடைசி இரண்டு வருடமும், அநேகமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால், வலி தெரியாமலிருக்க. சொன்னேன். அவள் கொதித்துப்போனாள்.

"பழைய ரிப்போட்டுகளைக் கேட்டு எடுங்கோ. அவையள் பதில் சொல்லட்டும்."

கழகத்துப் பயிற்சியாளரின் இலக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு கிழமை எடுத்தது. தொலைபேசியில் என் பெயரை இரண்டு தரம் சொன்னேன்.

"ஓ, அந்த இந்தியப் பையனா?"

நான் யாழ்ப்பாணத்தான் என்று ஆறு வருடமும் அவருக்குச் சொல்லியிருந்தேன். கழகத்தை மூடியாயிற்று, கடதாசிகளெல்லாம் குப்பைக்குப் போய்விட்டன என்றார். ஊசியைப் பற்றிக் கேட்டேன்.

"நீதானே கேட்டு வாங்கினாய்? நான் வற்புறுத்தினேனா?"

இல்லை. என் இடத்துக்குக் காத்திருந்தவன் என்னைவிட வேகமாக ஓடுவான். ஒருநாள் வைத்தியரே வேண்டாம் என்று சொல்லியும் கெஞ்சிப் போடுவித்தேன். பயிற்சியாளர் அதே அறையில்தான், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதையாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

"என்னவாம்?" என்றாள் மனைவி.

"ரிப்போட் ஒண்டும் இல்லையாம்."

சத்திரசிகிச்சைக்குப் பிறகு பெட்டி தூக்க முடியவில்லை. கிடங்கு வாசலில் இருந்து லொறிகளின் இலக்கம் எழுதும் வேலை தந்தார்கள். வீட்டுக்கு யாராவது வந்தால், தேத்தண்ணி ஆறும்வரை மனைவி அந்தக் கழகத்தைத் திட்டுவாள்.

"இவரைப் பிழிஞ்சுபோட்டு எறிஞ்சவங்கள்."

வந்தவர்கள் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன்.