திலகவதி பொட்டிக்குப் போகவில்லை

ஆரணி ஆற்றோரத் தெருவில் போய் மாணிக்கவேல் வீடு எது என்று கேட்டால், "யாரு, பாவு அறுக்காதவரா?" என்று திருப்பிக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. அதில் அந்த மனுஷனுக்கு இருந்த கர்வம் இருக்கிறதே, அப்பப்பா! ஜில்லா கலெக்டருக்குக்கூட அவ்வளவு இருந்திருக்காது.

விஷயம் வேறொன்றும் இல்லை. தறியில் ஏற்றிய பட்டுப் பாவு என்பது நீளவாக்கில் ஓடுகிற நாலாயிரத்துச் சொச்சம் இழை. மூன்று சேலை நெய்து முடிகிற வரைக்கும் அதில் கத்தி படக் கூடாது, நடுவில் அறுத்தால் வீட்டில் ஏதோ ஒன்று அறும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தது. தெருவில் பாதிப் பேர் இதை வாய்க்குத்தான் சொல்வார்கள். ஆத்திர அவசரம் என்று வந்தால் அறுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் உட்கார்ந்து இழைக்கு இழை பிணைத்துக்கொள்வார்கள். மாணிக்கவேல் அந்த ரகம் இல்லை. அவர் அப்பா அறுத்ததில்லை, அவரும் அறுத்ததில்லை. கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், இந்தக் கதையை எடுத்துவிட்டுத்தான் பந்திக்கு உட்காருவார்.

கர்வம் முற்றியது தொண்ணூற்றாறு மழையில். குழித்தறி என்பது தரையில் பள்ளம் வெட்டி, அதில் காலைத் தொங்கப்போட்டு மிதிக்கிற தறி. ஆற்றில் தண்ணீர் ஏறினால் வாசல் வழியாக வருவதற்கு முன்னாலேயே குழிக்குள் ஊறிவிடும். அந்த வருஷம் முழங்கால் அளவு வந்தது. தெருவே பாவை அறுத்துக்கொண்டு ஓடியபோது மாணிக்கவேலும் அவர் சம்சாரம் திலகவதியும் மட்டும் நின்று முழுசாகக் கழற்றினார்கள். பாவு தறியிலிருந்து அறையின் எதிர்ச் சுவர் வரைக்கும் நீண்டு, அங்கே ஒரு முளையில் கயிற்றால் கட்டியிருக்கும். அந்த முனையை ஒரு ஆள் விறைப்பாக இழுத்துப் பிடிக்கணும், இந்த முனையிலிருந்து இன்னொரு ஆள் சுருட்டிக்கொண்டே போகணும். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் பட்டு காக்காக் கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். ஒரு மணி நேரம் பிடித்தது. பாலித்தீன் தாளில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பட்டு முதலாளி அவரைக் கடைக்குக் கூப்பிட்டு, பத்துப் பேர் பார்க்கப் பக்கத்தில் உட்காரவைத்து, "இவன்யா தொழில்காரன்" என்றார். அந்த முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தண்ணீரில் நின்றவள் பேரை ஒருத்தரும் சொல்லவில்லை. மாணிக்கவேலும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டது. நாலாவது நாள் காலை ஜவ்வாது மலைப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் கமண்டல நாக நதியில் சேர்ந்து வருகிறது, மேலே எங்கேயோ ஏரியும் உடைந்துவிட்டது என்று ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திக்கொண்டு போனார்கள். மாதா கோயில் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டு இவாஞ்சலின் டீச்சர் வாசலில் நின்று ஜனங்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். மாணிக்கவேலின் ஒரே பெண் லாவண்யாவுக்கு அப்போது பதினேழு வயசு. எதிர்வீட்டுக் காசியம்மாளோடு அவளை அனுப்பும்போது திலகவதி தன் காதில் கிடந்த கம்மலைக் கழற்றித் தகரப் பொட்டியில் போட்டுப் பூட்டினாள். தண்ணீரில் விழுந்து தொலையுமே என்றுதான்.

"நீ முன்னால போம்மா. நாங்க பின்னாலயே வரோம்" என்றாள்.

பின்னாலேயே போயிருக்கலாம். தறியில் அரக்குச் சிவப்பில் முகூர்த்தச் சேலை, முக்கால்வாசி ஓடியிருந்தது. குழி நிறைந்து தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டது. ஆற்றுப் பக்கத்து மண் சுவர் நாலு நாள் மழையைக் குடித்து உப்பிப்போய் நின்றது.

"இன்னாங்க, அறுத்துடுங்க. ஒரு நிமிஷ வேலை" என்றாள் திலகவதி.

"வாயை மூடு. நல்ல நாளும் அதுவுமா அறுக்கிற பேச்சு பேசாத."

"எது நல்ல நாளு? தலைக்கு மேல வெள்ளம் போவுது, இதுல சாண் இன்னா முழம் இன்னா? சொவத்தைப் பாருங்க, தொட்டா கையோட வருது!"

"தொண்ணூத்தாறுல எடுக்கலியா? நீ போயி அந்த முனையைப் புடி. ஜல்தியா சுத்திடறேன்."

அவள் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை இன்னைக்கும் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. இருபது வருஷம் குடும்பம் நடத்தினவளுக்குத் தெரியாதா, இந்த ஆளிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று என்று! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய், ஆற்றுப் பக்கத்துச் சுவரோரம் நின்று முனையை இழுத்துப் பிடித்தாள். இவர் தறிப் பக்கம் உட்கார்ந்து அவிழ்த்தார். தண்ணீர் முட்டிக்கு வந்தது. தொடைக்கு வந்தது. இவருக்குக் கண் இழை மேலேயே இருந்தது.

"கை நடுங்குதுங்க."

"தளர விட்டுடாதடி! இன்னும் ரெண்டு சுத்து."

"புடிச்சிக்கினுதான் இருக்கேன். நீங்க ஜல்தி பண்ணுங்க."

சுவர் பெரிய சத்தம் போட்டுக்கூட விழவில்லை. அப்படியே உட்கார்ந்தது. அதன் மேல் ஓடும் கழியும் சரிந்தன. மாணிக்கவேல் கையில் பாவு ஒரு வெட்டு வெட்டி இழுத்தது, அப்புறம் தொளதொளவென்று தொங்கியது. "திலகா, திலகா" என்று அலறிக்கொண்டு மண்ணை வாரினார். மேட்டுத் தெரு ஆட்கள் இரண்டு பேர் சத்தம் கேட்டு வந்தார்கள். சேறும் பட்டு இழையும் அவள் கையைச் சுற்றிக்கொண்டு விடவில்லை. வந்தவர்களில் ஒருத்தன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து நாலே இழுப்பில் அத்தனையையும் அறுத்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவளைத் தூக்கினபோது உயிர் இல்லை.

ஐயோ பாவம் என்று சொல்லி இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடலாம். வெள்ளத்தில் செத்தாள் என்று சர்க்காரும் எழுதிக்கொண்டது. ஆனால் அந்த மனுஷன் அதற்கு அப்புறம் செய்த காரியம்தான் சாவை விடக் கொடுமை.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் உடம்பைக் கிடத்தியிருந்தார்கள். லாவண்யா அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். காசியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏம்பா மாணிக்கம், நீ தப்பிச்சிகினு வந்துட்டே, அவ மட்டும் எப்படிப்பா மாட்டினா? ரெண்டு பேரும் ஒண்ணாதானே இருந்தீங்க?"

கேள்வியில் விஷம் ஒன்றும் இல்லை. அழுகிற வாயில் வருகிற கேள்விதான். ஆனால் பெண் தலையைத் தூக்கி அப்பன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்கு முன்னால் மாணிக்கவேலின் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"வெளியதான் வந்துட்டோம் அக்கா. பொட்டியில கம்மல் கெடக்குதுன்னு திரும்பிப் போனா. வேணாம்னு சொன்னேன், கேக்கல."

அவ்வளவுதான். ஒரே தரம் சொன்னது. பாவை அறுத்து அவளைத் தூக்கினவர்களுக்கும் அவள் ஏன் உள்ளே இருந்தாள் என்று தெரியாது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? காரியம் முடிவதற்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த வருஷ மழைக்குள் அவளுக்கு 'பொட்டி திலகவதி' என்று பேரே வைத்துவிட்டார்கள். தாமதமாகக் கிளம்புகிற பெண்களைப் பார்த்து, "இன்னாடி, பொட்டிக்குப் போனவ மாதிரி உள்ளயே நிக்கிற?" என்று சிரித்தார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். வாழ்ந்த நாளில் தனக்கென்று ஒரு ரவிக்கைத் துணி கேட்டு வாங்காதவள், செத்த பிறகு பேராசைக்காரி ஆகிப்போனாள்.

மாணிக்கவேல் அதற்கப்புறம் தறியில் உட்காரவில்லை. களம்பூர் ரைஸ் மில்லுக்கு மூட்டை தைக்கப் போனார். பெண்ணைக் கண்ணமங்கலத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிற தீனாவுக்குக் கட்டிக்கொடுத்தார். நல்ல பையன். ஆனால் பொட்டிக் கதை அவளுக்கு முன்னாலேயே பஸ் ஏறிக் கண்ணமங்கலம் போய்ச் சேர்ந்திருந்தது. நகைநட்டு என்று பேச்சு வந்தாலே நாத்தனார், "அம்மா மாதிரி இருந்துடப் போற தாயே" என்பாள். லாவண்யா பல்லைக் கடித்துக்கொண்டு போவாள். சொன்னவள் மேல் இல்லை, செத்த அம்மா மேல்தான் கோபம்.

இதெல்லாம் மாணிக்கவேலுக்குத் தெரியாது. இரண்டாயிரத்து எட்டு கார்த்திகையில், மூன்றாம் வருஷத் திதிக்கு வாழையிலையும் பூசணிக்காயும் வாங்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். வெளியே புயல் மழை சிணுங்கிக்கொண்டிருந்தது. லாவண்யா பையை வாங்கிப் பார்த்தாள், அப்படியே அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் படைக்க மாட்டேன் நைனா."

"இன்னாம்மா இப்படி சொல்ற? பெத்த தாயிம்மா."

"பெத்த தாயா? பொண்ணு பள்ளிக்கூடத்துல வாசலைப் பாத்துகினு ஒக்காந்திருக்கா, அதுக்குப் பொட்டிதான் பெருசாப் போச்சு. ரெண்டு கம்மலுக்கு என்னை உட்டுட்டுப் போச்சு. அதுக்கு நான் சோறு வெக்கணுமா? காக்காகூட அதைத் தொடாது."

இடுப்பில் இருந்த குழந்தை மிரண்டு அழுதது. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், பேசி மறந்துவிடும் என்று மூன்று வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூட்டை தைத்தவர் மாணிக்கவேல். இவள் வயிற்றுக்குள்ளேயே அது இப்படி வேர்விட்டிருக்கும் என்று அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவ பொட்டிக்குப் போவலம்மா" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். அறுத்துடுங்க என்று அவள் சொன்னது, வாயை மூடு என்று இவர் சொன்னது, சுவரோரம் நிற்கவைத்தது, தளர விடாதே என்று அதட்டியது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்து, பெண் தன்னை அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தார். அடித்திருந்தால் தேவலை.

லாவண்யா கேட்டாள்: "கடைசியா இன்னா சொல்லிச்சி?"

"புடிச்சிக்கினுதான் இருக்கேன்னா."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. சத்தம் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடையிலிருந்து தீனாவைக் கூப்பிட்டுக் குழந்தையைக் கொடுத்தாள். அடுப்பை அணைத்தாள். குடையை எடுத்தாள்.

"செருப்பைப் போடுங்க. ஆரணிக்குப் போவணும். என்கிட்ட சொன்னீங்க இல்ல, அதையே தெருவுல வூடு வூடா நின்னு சொல்லுங்க. அப்பால வந்து எங்கம்மாவுக்குப் படைக்கிறேன்."

ஆற்றோரத் தெருவில் முதல் வீடு காசியம்மாள் வீடுதான். வாசலில் நனைந்துகொண்டு நின்று மாணிக்கவேல் சொன்னார். கேட்ட காசியம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அட கடவுளே, துக்கம் மண்டைக்கு ஏறிடுச்சாப்பா ஒனக்கு? ஒன் வாயாலதானே அன்னிக்கு சொன்ன? சாவு வூட்டுல யாரு பொய் சொல்லுவா? உள்ள வா, தலையைத் தொவட்டு."

"இல்லக்கா, நான்தான்..."

"சும்மா இரு. லாவண்யா, நைனாவை நல்ல டாக்டரா பாத்து இட்டுகினு போ."

அடுத்த வீட்டில் தறிக்காரர் பாலு முழுசாகக் கேட்கக்கூட இல்லை. "உடுண்ணே, மழை கொண்டுகினு போச்சு. அந்த வருஷம் யாரைத்தான் உட்டுச்சி? அதை ஏன் இப்ப கிளறிகினு பேஜார் பண்ற?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அவர் வீட்டில் தறிச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

நாலாவது வீட்டுச் செல்லியம்மாள்தான் ஒரேயடியாகக் கொன்றுபோட்டாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, உள்ளே இருந்த மருமகளைக் கூப்பிட்டாள். "பாருடி, பொண்டாட்டி மேல விழுந்த பழியைத் தன் தலையில போட்டுக்க வந்து நிக்கிறாரு. எவ்ளோ தங்கமான மனுஷன்! இப்படி ஒரு புருஷனை வெச்சிகினு வாழ அந்தப் பொட்டிக்காரிக்குத்தான் குடுத்து வெக்கல."

மாணிக்கவேல் படியிலிருந்து தடுமாறி இறங்கித் தெருவில் நின்றுவிட்டார். குடைக்கு வெளியே நின்று மழையோடு மழையாக அழுதார். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்களேம்மா! பொய்யை ஒரு தரம்தான் சொன்னேன். போதும்மா, என்னால முடியல. வூட்டுக்குப் போயிடலாம்."

லாவண்யா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். தெருக் கடைசி வரைக்கும் பார்த்தாள்.

"இன்னும் எத்தினி வூடு இருக்குது?"

அவர் எண்ணிப் பார்த்தார். "பதினாலு இருக்கும்."

"நடங்க நைனா" என்றாள்.