தொரை மீன் இருந்த ஓடை

ஆற்றுக்குக் காவல் இருப்பவனை ஆற்றைத் தவிர மற்ற எல்லோரும் திட்டுவார்கள். கோயில் காவலோ கடைக் காவலோ, ஏதோ ஒரு காவல் பார்த்துப் பேர் கெட்டவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மலைநாட்டில் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஓடைக்கு நான் காவல்காரன். வெள்ளைக்காரத் துரைமார் எப்போதோ சீமையிலிருந்து முட்டையாகக் கொண்டுவந்து விட்ட ட்ரௌட் மீன் அதில் பெருகியிருந்தது. தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்தில் அதற்குத் தொரை மீன் என்று பேர். துரையைப் போலவே அதற்கும் குளிர் வேண்டும், சுத்தம் வேண்டும். கூழாங்கல் இடுக்கில்தான் முட்டையிடும். அதே தண்ணீரைத்தான் கீழ் லயத்து ஆட்களும் குடித்தார்கள். மீன் நன்றாயிருந்தால் தண்ணீரும் நன்றாயிருக்கும் என்பதால், துரைமாரின் மீன்பிடிக் கிளப் கொடுத்த காக்கிக் கோட்டை மனசோடுதான் மாட்டிக்கொண்டேன்.

கல்லுக்குக் காவல் இல்லை

பங்களா ரோட்டுக்குக் கல் போட அக்கரபத்தனையிலிருந்து கொந்தராத்து எடுத்த முஸ்லிம் நானா ஒருவர் மாட்டு வண்டியோடு வந்தார். மீன் முட்டையிடும் இடமாகப் பார்த்து ஆட்களை இறக்கி, கூடை கூடையாகக் கூழாங்கல்லை அள்ள வைத்தார். ஓடிப்போய் மறித்தேன். அவர் கோபப்படவில்லை, வெற்றிலையை நீட்டினார். கல்லை எடுத்தால் மீன் எங்கே முட்டையிடும் என்று தொண்டை வறள விளக்கினேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, நீங்க மீனுக்குத்தானே காவல்? நான் மீன்ல கை வைக்கலியே, கல்லைத்தானே அள்றேன்."

மருந்து அடித்த மறுநாள்

தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் கண்டு, செம்பு மருந்து அடிக்க உத்தரவு வந்தது. அடித்து முடித்த ஆட்கள் முதுகில் சுமந்த மருந்து டாங்கியைக் கொண்டுபோய் ஓடையில் கழுவினார்கள். வேறு எங்கே கழுவுவார்கள், பாவம்? அவர்களுக்குக் காட்டிய தண்ணீர் அது ஒன்றுதான். மறுநாள் காலையில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் விசிலை ஊதிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடினேன். கீழ் லயத்து ராசம்மா குடத்தோடு நின்றிருந்தாள். அவள் பிள்ளை ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறது.

"மீனு செத்ததுக்கு விசில் ஊதுறீங்கண்ணே, எம்புள்ள குடிச்ச தண்ணிக்கு என்னா ஊதுவீங்க?"

ஒரே துரை, இரண்டு இடம்

அடுத்து, ஓடைக்கரைக் காட்டை வெட்டித் தண்ணீர் ஓரம் வரைக்கும் தேயிலை நடப் போவதாகப் பேச்சு வந்தது. கிளப் செயலாளரிடம் முறையிடச் சாயங்காலம் பங்களாவுக்குப் போனேன். செயலாளர் துரை பதறிவிட்டார். மரம் போனால் நிழல் போய்விடும், மழைக்கு மண் இறங்கிவிடும், முட்டையெல்லாம் நாசம் என்று எனக்கே பாடம் எடுத்தார். உடனே தோட்டத்து மேனேஜரிடம் போய்ச் சொல் என்றார்.

மேனேஜரும் அவர்தான். விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை, காலையில் ஆபீசுக்கு வரச் சொன்னார். காலையில் ஜன்னலோரம் நின்று அவர் சொன்னதை அவரிடமே ஒப்பித்தேன். முதன்முதலாகக் கேட்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, இது ஆபீஸ், மீன் பேச்செல்லாம் பங்களாவில் என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்த கிளாக்கர் ஐயா தோளைத் தட்டினார்:

"நீ வேறப்பா, அவரே அவருக்குச் சொல்லியிருந்தாலும் அவரே மாட்டேன்னுருப்பாரு."

புது வேலை

காடு விழுந்தது. முதல் பெருமழையிலேயே மேட்டு மண் முழுக்க ஓடையில் இறங்கி, மிச்சமிருந்த கூழாங்கல்லை மூடியது. ராசம்மா முந்தானையை நாலாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீர் மொண்டாள். துணியில் சேறு தங்கியது. அதைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மீன் பிடிக்கும் பருவம் வந்ததும் நுவரெலியாவிலிருந்து விருந்தாளித் துரைமார் தூண்டிலோடு வந்து, வெறுங்கையோடு திரும்பினார்கள். லயத்து ஆட்களை நான் மீன் பிடிக்க விட்டுவிட்டேன் என்று துரை சத்தம் போட்டார். காக்கிக் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே கையில் மண்வெட்டியைக் கொடுத்து, புதுத் தேயிலை மலையில் கான் வெட்ட விட்டார்கள். மழைத் தண்ணீர் மேட்டில் தேங்காமல் வடிந்து ஓடையில் விழ வேண்டும், அதற்குத்தான் கான். மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகுமே என்று கங்காணியிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பழைய மரியாதையோடுதான் பதில் சொன்னார்:

"நல்லா ஆழமா வெட்டுங்க காவக்காரரே, எல்லாம் ஆத்துக்குத்தான் போவணும்."

மீன் திருடுகிறவன் கையில் கிடைத்தால் பிடித்துக் கொடுக்கலாம், ஆற்றையே கொண்டுபோகிறவருக்குச் சலாம் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான் எங்கள் தொழில்.