வெளியே உட்கார்ந்தவர்களுக்காக நான் கட்டப்போன சுவர்

கென்யாவில், சவகாலியிலிருந்து கிசுமுவுக்குப் போகும் மட்டாட்டு வேனில் பாதி ஆயுசு கண்டக்டராக இருந்தவன் நான். பெயர் ஹெஸ்ரோன் லுகாலியா. வண்டியில் எத்தனை பேர் இருந்தாலும் "இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கு, உள்ள தள்ளுங்க" என்று கத்துவதுதான் தொழில். அந்தத் தொழிலில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. நான் கத்தினால் அடுத்த நிறுத்தத்தில் இருப்பவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொள்வார்கள் என்று டிரைவர்கள் சொல்வார்கள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

ஐம்பது வயதில், ஒரு சந்தை நாளில், நகர்கிற வண்டியில் ஓடிப்போய்த் தொற்றி ஏறும் வித்தையைக் கூட்டம் பார்க்கிறதே என்பதற்காகச் செய்து காட்டினேன். கூட்டம் பார்த்தது. வண்டி போய்விட்டது. முழங்காலும் போய்விட்டது.

குன்றின் மேலே எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். கொஞ்சம் தேயிலைச் செடி, கொஞ்சம் வாழை, கோழிகள். எல்லாவற்றையும் என் மனைவி கவெட்சா நான் இல்லாமலே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்த பிறகும் நான் இல்லாமலேதான் பார்த்துக்கொண்டாள். தீனி போடும்போது கோழிகளை வரிசையில் வரச் சொல்லி நான் கத்தியதைக் கேட்ட அன்று, "சபை வேலைக்கு ஆள் தேடுறாங்களாம், போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிட்டாள்.

எங்கள் சபை குவேக்கர் சபை, கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவு. இந்தக் குன்றில் ஒரு கல்லை எறிந்தால் ஒரு குவேக்கர் தலையில்தான் விழும். அந்த வருடம் பழைய கிளார்க் மகனோடு இருக்க நைரோபி போய்விட்டார். புதிய கிளார்க்காக என்னைச் சொன்னார்கள். கிளார்க் என்றால் கணக்கு எழுதுகிற குமாஸ்தா இல்லை. சபை கூடி ஒரு முடிவெடுக்கும்போது முன்னால் உட்கார்ந்து நடத்துகிற ஆள். என் விசுவாசத்தின் ஆழத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். சபை ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது, சரிசெய்யக் காசில்லை, அதனால்தான் நான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

நாங்கள் கை தூக்கி ஓட்டுப் போடுவதில்லை. ஒருவர் எழுந்து மனதில் பட்டதைச் சொல்வார். எல்லோரும் சற்று நேரம் பேசாமல் இருப்போம். இன்னொருவர் எழுந்து சொல்வார். இப்படிப் போய்ப் போய் எல்லார் மனதும் எந்த இடத்தில் வந்து சேர்கிறது என்று கிளார்க் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சேர்ந்ததும் அதைத் தீர்மானமாக எழுதி வாசிக்க வேண்டும். "ஆகட்டும்" என்று எல்லோரும் சொன்னால் முடிந்தது. ஒரே ஒருவர் மனப்பூர்வமாக "எனக்கு ஒப்பவில்லை" என்றாலும் காத்திருப்போம். ஆக, கிளார்க்குக்கு வேண்டியது காது. நானோ அதுவரை என் காதைப் பென்சில் செருகி வைக்கத்தான் பயன்படுத்தியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சபை வீட்டுக்கு வெளியே யூகலிப்டஸ் மரத்தடியில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். பாறைகளின் மேலே, பிளாஸ்டிக் நாற்காலிகளில், சாய்த்து நிறுத்திய பைக்குகளில். அதைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. வண்டி நிரம்பி வழிகிறது, பெரிய வண்டி எடுக்க வேண்டியதுதானே! தவிர, சாலைக்கு எதிர்ப்பக்கம் பெந்தெகொஸ்தேக்காரர்கள் நீலக் கண்ணாடி வைத்து ஒரு மண்டபம் கட்டியிருந்தார்கள். அந்தக் கண்ணாடியில் எங்கள் தகரக் கூரை தெரியும். தினமும் அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

மேற்குச் சுவரை இடித்துவிட்டு மரத்தடி முழுவதையும் உள்ளே சேர்த்துக் கட்டலாம் என்று திட்டம் போட்டேன். சபையைக் கேட்பதற்கு முன்பே ஓர் அடிக்கல்லுக்கும் சொல்லிவிட்டேன். "கிளார்க் ஹெஸ்ரோன் லுகாலியா" என்று பெரிய எழுத்தில். கல் செதுக்கியவர் வழக்கமாகக் கல்லறைக்குச் செதுக்குபவர். பழக்க தோஷத்தில் மேலே ஒரு சிலுவையும் கீழே "அமைதியாக இளைப்பாறுக" என்றும் சேர்த்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பெருக்கும்போது கவெட்சா கால் விரலை இடித்துக்கொண்டாள்.

வெளியே இழுத்து வாசித்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எப்பப் போறதா இருக்கீங்க? ஒரு வார்த்தை முன்னாடியே சொன்னா சொந்தக்காரங்களுக்குத் தகவல் குடுப்பேன்."

அன்று மாலையே அந்தக் கல் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டாகப் போய்விட்டது.

முதல் கூட்டத்தில் எல்லோருக்கும் திட்டம் பிடித்திருந்தது. பாஸ்டர் அகெசா எழுந்து கூடாரத்தை விரிவாக்குவது பற்றி ஒரு வசனமே சொன்னார். நான் பேனாவைத் திறந்தேன். அப்போது தொரிகா மிதேவா எழுந்தார். சாலைச் சந்திப்பில் சோள மில் நடத்துகிற பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர், ஆனால் சபையில் மெதுவாகத்தான் பேசுவார்.

"எனக்கு மனசு ஒப்பல."

"ஏன் அக்கா?"

"தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன்." உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த மாதமும் அதேதான். காரணம் இருந்தால் வாதாடலாம். காரணமே இல்லாத ஆளோடு என்ன வாதாடுவது? ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன். "அட, வா தம்பி" என்று சேவலை வாங்கினார். அங்கேயே அறுத்துக் குழம்பு வைத்தார், சோள மாவில் உகாலிக் களி கிளறினார், எனக்கு ஈரலைத் தனியாக எடுத்து வைத்தார். குடும்பம், விலைவாசி, முழங்கால் எல்லாம் பேசினோம். வயிறு முட்ட வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான், நான் எதற்குப் போனேன் என்பது ஞாபகம் வந்தது.

மூன்றாவது கூட்டத்தில் என் தொழில் புத்தி வேலை செய்தது. பேச்சுக்கு நடுவே தொரிகா அக்கா எழுந்து கழிப்பறைப் பக்கம் போனார். அவர் தலை மறைந்ததும் மடியிலிருந்த தீர்மானத்தை எடுத்து ஒரே மூச்சில் வாசித்தேன். "எல்லாருக்கும் சம்மதம்தானே? சம்மதம்!" என்று நானே பதிலும் சொல்லி, கை தானாக மேசையை இரண்டு தட்டுத் தட்ட, வாய் தானாக, "போலாம் ரைட்!" என்றது.

வாசலில் தொரிகா அக்கா நின்றிருந்தார்.

"ஏன்டா லுகாலியா, ஒரு காலு இன்னும் கீழ இருக்கு. அதுக்குள்ள ரைட் குடுக்குறியே?"

சபையே விழுந்து விழுந்து சிரித்தது. பாஸ்டர் பைபிளால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. எனக்குக் காது மடல் எரிந்தது. தீர்மானத்தை நானே நான்காகக் கிழித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் பாஸ்டர் சொன்னார். "வெளிய உக்காந்திருக்குறவங்களுக்காகத்தான் கட்டுறோம்னு சொல்றோம். அவங்ககிட்ட யாராவது கேட்டோமா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. யாரை அனுப்பலாம் என்று யோசித்தார்கள். எல்லார் மனதும் சிரமமே இல்லாமல் என்னிடம் வந்து சேர்ந்தது. அவ்வளவு சீக்கிரம் எங்கள் சபை எதிலும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு வெளியே போய் உட்கார்ந்தேன். முதலில் கெவின். வாடகை பைக் ஓட்டுகிறவன், இரண்டு குழந்தைக்குத் தகப்பன்.

"ஏன் கெவின், உள்ள இடம் இல்லைன்னுதானே இங்க உக்காந்திருக்க?"

"இல்லண்ணே, சவாரி கூப்பிட்டா எழுந்து ஓடணும்ல. உள்ள இருந்து நடுவுல எழுந்தா அத்தனை அம்மாமாரும் திரும்பிப் பாக்குறாங்க. சாபம் விட்ட மாதிரி இருக்கு."

அடுத்து மூசா. சனிக்கிழமை மாலை எங்கே இருப்பார் என்று குன்றுக்கே தெரியும். "நான் உள்ள வந்து ஒரு பாட்டுப் பாடினா முன் பெஞ்சுக்கே போதை ஏறிடும், தம்பி. காத்தோட்டம்தான் மரியாதை" என்றார். மினாயோவுக்குக் கைக்குழந்தை, அழுதால் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர், வாராவாரம் பார்க்கிற முகம். பக்தியோடு கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் உங்க சபையே இல்லப்பா. எதிர்ப்பக்கம். அங்க முடிய மத்தியானம் ஆயிடும். இங்க சீக்கிரமே டீ குடுத்துடுறீங்க."

நீலக் கண்ணாடிக்காரர்களை வெல்லப் போகிறேன் என்று நான் சேர்த்துக்கொண்ட கூட்டத்தில் அவரும் ஒருவர்.

மரத்துக்குப் பின்பக்கம் இன்னும் யாரோ இருப்பது தெரிந்தது. வெள்ளைத் தலைத்துணி. சுற்றிப் போய்ப் பார்த்தேன். கவெட்சா.

ஞாயிறுதோறும் நாங்கள் ஒன்றாகத்தான் கிளம்புவோம். வாசலில் நான் முன்னால் போய்விடுவேன், அவள் பெண்கள் பக்கம் போவாள். பின்னால் திரும்பினால் வெள்ளைத் தலைத்துணிகளின் வரிசை. அதில் ஒன்று இவளுடையது என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ இங்க என்ன பண்ற?"

"ஜெபம்."

"உள்ள இடம் இல்லையா?"

"ஏன் இல்ல? ஜன்னல் பக்கத்துல எனக்குன்னு எப்பவும் விட்டு வைப்பாங்க."

"அப்புறம்?"

அவள் ஒரு புல்லைப் பிய்த்தாள். எங்கள் மகள் பெயரைச் சேர்த்து என்னைக் கூப்பிட்டாள். "இமாலி அப்பா, கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நீங்க அறிவிப்பு வாசிக்கிறப்ப உள்ள இருந்தா காது அடைச்சுக்குது. இங்க இருந்தா அளவா கேக்குது."

"ஆமாண்ணே, இங்க நல்லா கேக்குது" என்று மினாயோ ஆறுதல் சொன்னாள்.

"எத்தனை நாளா?"

"நீங்க கிளார்க் ஆனதுல இருந்து."

பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தேன். முதலில் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தேடியதில் ஆள் கிடைக்கவில்லை. வீட்டில் சாப்பாடு போடும்போது என் பக்கத்தில் உட்காராமல் அடுப்பு ஓரமாகவே இருப்பாளே, அது அடக்கம் இல்லை போலிருக்கிறது என்று தோன்றியது. எனக்குப் பேச்சு வராமல் போனது அபூர்வம், மூசாகூட என்னைக் கவலையோடு பார்த்தார்.

அதற்குள் மழை இறங்கியது. யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மேற்குச் சுவரின் கூரை விளிம்புக்கு அடியில் முதுகை ஒட்டி வரிசையாக நின்றார்கள். மினாயோவும் குழந்தையும் நடுவில், பெரியவர் மூலையில், யாருக்கு எந்த இடம் என்று முன்பே பேசி வைத்ததுபோல. எனக்கு மட்டும் இடம் தெரியவில்லை. கவெட்சா என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். ஒரு தோள் முழுக்க நனைந்தது.

"அண்ணே, எங்களுக்குச் சுவர் எதுவும் வேணாம்" என்றான் கெவின், மழையைப் பார்த்தபடி. "இந்தத் தகரத்த மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டி விட்டா போதும்."

அடுத்த கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி விஷயத்தை விட்டுவிடலாம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் அவள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளியே இருப்பவர்களில் ஒருவர் கிளார்க்கின் மனைவி. காரணம் கிளார்க்கின் குரல்" என்றேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் கொஞ்சம் வலித்தது.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். கூரை மட்டும் நீளட்டும், சுவர் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். உள்ளே பார்க்க இரண்டு பெரிய ஜன்னல் வைக்கலாம். மரத்தை வெட்ட வேண்டாம். நான் கையில் தயாராக எதையும் வைத்திருக்கவில்லை. அதனால் வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுநடுவே அமைதி வந்தது. அதை நிரப்பாமல் இருக்க நாக்கைப் பல்லுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் எழுதினேன். அடக்கமாக, மெல்லிய குரலில் வாசித்தேன்.

"கேக்கல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடியும் சபை சிரித்தது. இரண்டாவது முறை கொஞ்சம் கூட்டி வாசித்தேன். "ஆகட்டும்" என்றார்கள். தொரிகா அக்கா மட்டும் சொல்லவில்லை.

"அக்கா?"

"எனக்கு இன்னும் முழுசா ஒப்பல. ஆனா குறுக்க நிக்கல. அப்படியே எழுதிக்கோ."

"ஏன்னு இப்பவாவது..."

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

அப்படியே எழுதினேன். அவருக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆனால் கூரை போட்ட நாளன்று முதலில் வந்தது அவர்தான். பைக் ஓட்டுகிறவர்கள் ஆற்று மணல் கொண்டுவந்தார்கள், மூசா ஏணியில் ஏறாமல் கீழேயே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தார். தொரிகா அக்கா எல்லோருக்கும் உகாலி கிளறிப் போட்டுவிட்டு, தகரம் கோணலாக இருக்கிறது என்று கீழேயிருந்து திட்டிக்கொண்டே இருந்தார். கோணலாகத்தான் இருந்தது.

புதுக் கூரையின் கீழே நல்ல காற்று. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் ஒவ்வொருவராக வெளியே வந்து உட்காரத் தொடங்கினார்கள். முன் பெஞ்சுகள் காலியாகிவிட்டன என்று பாஸ்டர் இப்போது என்னிடம் குறைபட்டுக்கொள்கிறார். உள்ளே எக்கச்சக்கமாக இடம் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

என் பதவிக் காலம் முடிந்தபோது புதிய கிளார்க்காகக் கவெட்சாவைத் தேர்ந்தெடுத்தார்கள். சந்தோஷம்தான். ஒரே ஒரு சங்கடம். முழங்கால் வலி என்று நான் வீட்டிலேயே இருக்க, அவள் முதல் கூட்டத்தை நடத்திவிட்டு வந்த அன்று, சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன்.

"என்ன முடிவாச்சு?"

"ஞாயித்துக்கெழம வாசிப்பேன். அப்பக் கேட்டுக்குங்க."

"கட்டின புருஷன்கிட்டக்கூடச் சொல்லக் கூடாதா?"

"கீரையை எடுத்துப் போட்டுக்குங்க, உகாலி ஆறுது" என்றாள்.